சோலிதா கடை முனை

மோலோ தேவாலயத்துக்குப் போகும் மாலை நடையில் கணவர் ஃபெர்மின் எங்கே நிற்பார் என்பது நெனித்தாவுக்கு மனப்பாடம். விதவை சோலிதாவின் நூடுல்ஸ் கடை வந்ததும் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். கடைப் பலகையை எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல் இரண்டு நிமிடம். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் நடப்பார்.

ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்தாள். "எழுபத்தோரு வயசுல உனக்குப் பலகை படிக்கணுமாக்கும்!" என்று ஆற்றங்கரை வழியாகச் சுற்றிக் கூட்டிப்போகத் தொடங்கினாள். அது இரண்டு மடங்கு தூரம். அவரும் கூடவே நடந்தார். கால் வலிக்கிறது என்று ஒப்புக்கொள்வதைவிட, இந்த வயதிலும் பெண்டாட்டி சந்தேகப்படுகிறாள் என்பது அவருக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும்.

இப்போது அந்தக் கால் ஆபரேஷன் அறைக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. கட்டைவிரல் கறுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கே வந்தார்கள். தொடைக்குக் கீழே ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது, அதனால்தான் கொஞ்ச தூரத்திலேயே கெண்டைக்கால் இறுகி நின்றிருக்கிறார் என்று டாக்டரம்மா சொன்னார். தொடை இடுக்கில் சின்னத் துளை போட்டு, கம்பி விட்டு, பலூனை ஊதி வழி திறப்பார்களாம். கம்பி நுழையாவிட்டால் பாதத்தை எடுக்க வேண்டியிருக்கும்.

நெனித்தா உட்கார்ந்தாள், எழுந்தாள். ஜெபமாலையில் எண்ணிக்கை தவறி முதலிலிருந்து தொடங்கினாள். பைக்குள் அவருடைய செருப்புகள். இரண்டையும் எடுத்து வந்தது சரிதானா? கையை உள்ளே விட்டு இரண்டும் இருக்கிறதா என்று பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

கதவு திறந்தது.

"கம்பி உள்ள போயிருச்சும்மா. ரத்தம் ஓடுது," என்றார் டாக்டர். "விரல் பிழைக்குமான்னு ரெண்டு மூணு வாரம் போனாத்தான் தெரியும். இப்போ காலை மடக்க விடாதீங்க."

தள்ளுபடுக்கையில் ஃபெர்மின் விழித்துத்தான் இருந்தார். "இந்தாய்," என்றார், கல்யாண நாள் முதல் அவளைக் கூப்பிடும் அதே செல்லச் சொல்லால். "இனிமே ஆத்தங்கரை வேணாம். சோலிதா கடை வழியாவே போலாம்."

"எதுக்கு?"

"வலிக்காம ஒரு தடவை நின்னு பாக்கணும்."

"நின்னு பாரு, கிழவா. டாக்டர் காப்பாத்தின காலை நான் ஒடைக்கறேன்."

அவர் சிரித்தார். அவள் போர்வைக்குள் கையை விட்டு, பல மாதமாகப் பனிக்கட்டியாகக் கிடந்த பாதத்தைத் தொட்டாள். சூடா, இல்லையா? தெரியவில்லை. அவளுடைய விரல்களே சில்லிட்டு மரத்துப்போயிருந்தன. கைகளை வெளியே எடுத்துத் தேய்த்தாள், வாயருகே வைத்து ஊதினாள், மறுபடியும் போர்வைக்குள் விட்டாள்.