தொர்கிரிமின் சக்கரச் சங்கிலி

ஏரியில் மூழ்கிச் செத்து ஒரு வருஷமும் ஐந்து நாளும் ஆன பிறகு, நவம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், தொர்கிரிம் தன் சாம்பல் நிற டிராக்டரை ஓட்டிக்கொண்டு எங்கள் ஊரான ஹெக்டாலுக்குத் திரும்பி வந்தான். பால் கேன்களை இறக்கி வைக்கும் மரமேடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தினான். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது, புகைக்குழாயிலிருந்து புகைக்குப் பதில் தண்ணீர் கொட்டியது. அவன் தாடியில் பாசி படிந்திருந்தது. இடுப்பளவு பனி விழுந்து, பால் லாரி வர வழியில்லாமல் கேன்களோடு நின்றுகொண்டிருந்த எட்டுப் பேர் அவனைப் பார்த்தார்கள். பக்கத்துப் பண்ணை ஹல்டோர்தான் முதலில் வாயைத் திறந்தான். "பனி தள்ளுற தகடு துருவே பிடிக்கலையே, பாத்தீங்களா?" என்றான். எல்லோரும் தகட்டைப் பார்த்துவிட்டுப் பின்சக்கரங்களைப் பார்த்தார்கள். இரண்டிலும் சங்கிலி தளர்ந்து, கழன்ற இடுப்புக்கச்சை போலத் தொங்கியது. செத்தவன் எப்படிச் செத்தான் என்பது அந்த நிமிஷத்தில் எங்கள் பள்ளத்தாக்குக்கே தெரிந்துபோனது.

பனியில் வழுக்காமலிருக்க டிராக்டர் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டுகிறவர்கள் இரண்டு முறை இறுக்குவார்கள். சங்கிலியைச் சக்கரத்தின் மேல் போர்த்தி, பனியில் மல்லாந்து படுத்து உள்பக்கக் கொக்கியை முதலில் மாட்டி, பிறகு வெளிப்பக்கக் கொக்கியை இழுத்து மாட்ட வேண்டும். அதோடு விட்டால் ஆபத்து. வண்டி பத்தடி நகர்ந்ததும் சங்கிலி டயரில் பதிந்து இளகிவிடும். அப்போது நிறுத்தி, இரண்டு மூன்று கண்ணி சேர்த்து இழுத்து மறுபடி மாட்ட வேண்டும். தொர்கிரிமின் பண்ணையில் அந்த வேலை அவன் தம்பி ஷூருடையது. மூத்தவனுக்கே நிலம் என்பது எங்கள் ஊர் வழக்கம் என்பதால், ஷூர் பிறந்த வீட்டிலேயே பண்ணையாளாக இருந்தான். தொர்கிரிம் செத்துப்போன அன்று காலையும் அவன் டிராக்டர் இருக்கையில் உட்கார்ந்தபடி, "டேய், மாடு கூட உன்னைவிடச் சுறுசுறுப்பா எந்திரிக்கும்டா. பனியிலயே குடித்தனம் பண்ணப் போறியா?" என்று கேட்டான். வண்டி பத்தடி நகர்ந்து நின்றது. "இறுக்கிட்டியா?" என்றான். ஷூர் சட்டைப்பையிலிருந்து கையை எடுக்காமல், "இறுக்கிட்டேண்ணே, போங்க" என்றான். சமையலறைச் சன்னலில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த தொர்கிரிமின் மனைவி குன்வோர் அதைப் பார்த்தாள். சொல்லாமல் தங்கை வீட்டுக்குப் போய் வந்தாள் என்பதற்காக, அந்த வாரம் முழுதும் அவள் காலணிகளைத் தொர்கிரிம் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தான். கம்பளிக் காலுறையோடு பனியில் ஓட முடியாது. சன்னலைத் திறந்து ஒரு குரல் கொடுத்திருக்கலாம். அவள் கையிலிருந்த கிழங்கை உரித்து முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். ஏரி வளைவில் சங்கிலி கழன்று, டிராக்டர் வழுக்கி, இளம் பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. அந்த ஏரிக்கு அடி கண்டவர்கள் இல்லை. காலிக் குழிக்கு மேல் ஒரு கல்லறைக்கல் நட்டார்கள்.

திரும்பி வந்த தொர்கிரிமை விசாரிக்க வட்டாரப் போலீஸ்காரர் பனிச்சறுக்குக் கட்டைகளில் வந்தார். புகார் இருக்கிறதா என்று மூன்று முறை கேட்டார்.  கொல்லப்பட்டவனே வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போது யார்மேல் என்ன வழக்குப் போடுவது என்று அவருக்கும் தெரியவில்லை. ஒரு காபி குடித்துவிட்டுப் போய்விட்டார். அதற்குள் நான்கு பேர் சங்கிலியை இறுக்கிப் பார்த்திருந்தார்கள். அவர்கள் கை பட்டதும் இரும்புக் கண்ணிகள் ரொட்டி போலப் பிய்ந்தன, கையை எடுத்ததும் ஒட்டிக்கொண்டன. பிறகு ஷூரைக் கூட்டிவந்தார்கள். அவன் தொட்டபோது இரும்பு இரும்பாகவே இருந்தது. அவன் மல்லாந்து படுத்து உள்கொக்கியை மாட்டினான், வெளிக்கொக்கியை மாட்டினான். வண்டி பத்தடி போய் நின்றது. ஷூர் கண்ணிக்குள் விரலை விட்டு இழுத்தபோது, தொர்கிரிம் கண் இமைக்கும் நேரம் முன்னதாகவே கிளட்சை விட்டான். ஷூரின் இடது கைச் சுண்டுவிரல் அறுந்து பனியில் விழுந்தது. குளிரில் ரத்தம் வரவில்லை. எங்கள் பள்ளத்தாக்கில் பனி தள்ளும் வண்டி அது ஒன்றுதான்; அன்று மதியத்துக்குள் பாலம்வரை சாலை சுத்தமாகிவிட்டது. ஏப்ரல் வரை எந்தப் பனியும் எங்களை அடைக்கவில்லை. பனி உருகியதும் தொர்கிரிம் டிராக்டரோடு ஏரிக்குள் போய்விட்டான்.

அதன் பிறகு வருஷம் தவறாமல் முதல் பனிக்கு அவன் வந்தான், வருஷத்துக்கு ஒரு விரல் போனது. அந்த நாள் எங்களுக்கு ஒரு சிறு திருநாள் போல ஆகிவிட்டது. பெண்கள் பிளாஸ்கில் காபியும் இனிப்பு அப்பமும் கொண்டுவருவார்கள். இந்தத் தடவை எந்த விரல் என்று ஆண்கள் பந்தயம் கட்டுவார்கள். விரல்களை என்ன செய்வது என்று பாதிரியாரிடம் கேட்டதற்கு, மனித உடம்பின் பாகம் என்பதால் முறைப்படி அடக்கம் செய்யவேண்டும் என்றார். தொர்கிரிமின் கல்லறை காலியாக இருந்ததால், தீப்பெட்டியில் வைத்து அங்கேயே புதைத்தார்கள். இடம் வீணாகவில்லை.

ஷூர் ஓடிப் பார்க்காமல் இல்லை. நாலாவது வருஷம் அக்டோபரிலேயே பஸ் ஏறிக் கடற்கரை நகரத்துக்குப் போய், மீன் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். பனி விழுந்தது, தொர்கிரிம் வந்தான், மேடைக்கு முன்னால் சங்கிலி தொங்க உட்கார்ந்திருந்தான். பத்தொன்பது நாள் பால் பள்ளத்தில் கொட்டப்பட்டது. பன்னிரண்டாம் நாள் மேட்டுப் பண்ணை ஓலாவின் மூன்று வயது மகள், மருத்துவர் வர வழியில்லாமல், தொண்டை அடைத்துச் செத்தாள். ஓலா பனிச்சறுக்கிலும் படகிலுமாக மூன்று நாள் பயணம் செய்து ஷூரைக் கண்டுபிடித்தான். அடிக்கவில்லை. "புதைக்க எடுத்துட்டுப் போக வழியில்லாம வைக்கோல் கொட்டகையில வச்சிருக்கேன். வா" என்றான். ஷூர் மீன் ரத்தம் படிந்த ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டிவிட்டுக் கூடவே வந்தான். அப்புறம் அவன் எங்கேயும் போகவில்லை.

விரல்கள் குறையக் குறைய அவனால் பால் கறக்க முடியவில்லை, பொத்தான் போட முடியவில்லை, கடைசியில் கரண்டி பிடிக்கவும் முடியவில்லை. குன்வோர் மூன்று வேளையும் ஊட்டிவிட்டாள். அந்த வீட்டில் இரண்டு பேரும் பத்து வருஷம் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். அவர்களுக்குள் வேறு ஏதோ இருக்கிறது என்று ஊரில் கொஞ்ச நாள் பேசிப் பார்த்தார்கள், நம்பும்படியாக இல்லாததால் விட்டுவிட்டார்கள். சன்னலைப் பற்றி அவள் பேசவில்லை, அவனும் கேட்கவில்லை. ஆனால் அவள் அங்கே நின்றதை அவன் அன்றே பார்த்திருந்தான். அவன் பார்த்தது அவளுக்கும் தெரியும்.

பதினோராவது குளிர்காலம் வந்தபோது ஷூருக்கு இரண்டு உள்ளங்கைகள் மட்டுமே மிச்சம். அன்று காலையும் குன்வோர்தான் கஞ்சி ஊட்டி, கோட்டை மாட்டிவிட்டு அனுப்பினாள். அவன் மணிக்கட்டுகளால் சங்கிலியைத் தூக்கிப் பார்த்தான், பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தான். உதடு இரும்பில் ஒட்டிப் பிய்ந்தது. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள்.

"போதும் விடுப்பா, பல்லும் போயிரப் போவுது" என்றான் ஹல்டோர்.

"விட்டுட்டு? பால என்ன பண்றது? என் மருமவளுக்கு இந்த மாசம் பிரசவம்" என்றாள் ஒருத்தி.

ஓலா பனியில் குந்தி, ஷூரின் முகத்துக்கு நேராகக் கேட்டான். "உங்கண்ணனுக்குக் கணக்கு இன்னும் தீரலை. வேற யார் கை பட்டா ஒத்துக்குவான்? உனக்குத் தெரியும்டா. சொல்லு."

ஷூர் பிய்ந்த உதட்டைப் புறங்கையால் துடைத்தான். தாடையில் காலைக் கஞ்சி காய்ந்து ஒட்டியிருந்தது. பிறகு தலையைத் திருப்பாமல் சொன்னான்: "அண்ணி அன்னிக்கு சன்னல்ல நின்னாங்க. எல்லாத்தையும் பாத்தாங்க."

கூட்டம் குன்வோருக்கு வழிவிட்டு விலகியது. அவள் காபிக் கூடையைக் கீழே வைத்தாள்.

"பத்து வருஷமா என் கையால தின்னியே, ஷூர்" என்றாள்.

"இன்னும் எத்தனை வருஷம் நான் மட்டும் பனியில படுக்கிறது அண்ணி?"

 அவள் இடுப்பு ஏப்ரனை அவிழ்த்து மடித்துக் கூடைமேல் வைத்தாள். இருக்கையை நிமிர்ந்து பார்த்து, "என் செருப்பப் பூட்டி வச்சது நீங்கதானே?" என்று கேட்டாள். தொர்கிரிம் முன்னால் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மல்லாந்து படுத்துச் சக்கரத்துக்கு அடியில் போனாள். அவள் கையில் இரும்பு பிய்யவில்லை. உள்கொக்கி, வெளிக்கொக்கி இரண்டையும் முதல் தடவையிலேயே மாட்டிவிட்டாள். வண்டி பத்தடி போய் நின்றது. அவள் எழுந்து நடந்து போய், கண்ணிக்குள் விரலை விட்டு, மூன்று கண்ணி சேர்த்து இழுத்தாள். கிளட்ச் முன்னதாகவே விடப்பட்டது. அவள் விரல் ஒன்று பனியில் விழுந்தது. கையைப் பனிக்குள் முழங்கைவரை புதைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். ஓலா குனிந்து விரலைத் தேடி எடுத்து, தீப்பெட்டி இருக்கிறதா என்று கேட்டான்.

மதியத்துக்குள் சாலை சுத்தமாகிவிட்டது. பால் லாரி ஒன்றரை மணிக்கு வந்தது. அன்று மாலை குன்வோர் கட்டுப் போட்ட கையால் ஷூருக்கு உருளைக்கிழங்கை மசித்து ஊட்டினாள். சூடு ஆறாத கிழங்கை அப்படியே ஊட்டினாள், அவனும் அப்படியே விழுங்கினான். அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் ஊர்க்கூட்டம் நடந்தது. பனி தள்ளும் இயந்திரம் ஒன்று வாங்குவதைப் பற்றி ஐந்தாறு வருஷமாகப் பேசி வந்ததை அன்றும் எடுத்தார்கள். அவளுக்கு இன்னும் ஒன்பது இருக்கிறது என்று ஹல்டோர் சொன்னான். எல்லோரும் அதை ஒப்புக்கொண்டார்கள். இயந்திரத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்துவிட்டு, பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.