சாயம் பூசிய கூந்தலுக்கு ஏழாவது குறிப்பு

1

இந்தக் கதை கட்டுரையாகப் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு மாத இதழின் கோடைச் சிறப்பிதழுக்கு, சாயம் பூசிய முடியை வெயிலிலிருந்து காப்பது எப்படி என்று ஆறு குறிப்புகள் கேட்டார்கள். என் தலையைப் பார்த்தவர்கள் யாரும் அதை என்னிடம் கேட்டிருக்க மாட்டார்கள், போனில் கேட்டார்கள். வந்த வேலையைத் தள்ள மனம் வராமல், நாலு தெரு தள்ளியிருந்த அழகு நிலையத்தின் கதவைத் தட்டினேன்.

"இங்க லேடீஸ் மட்டுந்தாங்க."

"முடி வெட்ட வரல."

"அது பாத்தாலே தெரியுதுங்க" என்றார் அந்த அம்மாள். தெருவே அவரை பார்லரக்கா என்றுதான் கூப்பிடும். உட்காரச் சொன்னார். ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். நான் இரண்டு மடக்குக் குடித்துவிட்டுக் குறிப்பேட்டை எடுத்தேன்.

"மிச்சம் வெக்காதீங்க. முழுசா குடிங்க."

குடித்து முடிக்கும் வரை எதிரிலேயே நின்றார். நல்ல உபசரிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.*

* இந்த டம்ளரை மறந்துவிடாதீர்கள். நான் மறந்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "சூரியன் சுட்டெரிக்கும் இந்தக் கோடையில், உங்கள் கூந்தலும்—" (வேண்டாம். சூரியனே கொட்டாவி விடும்.)

இரண்டாவது: "அவள் மேற்கு ஜன்னலுக்குத் திரை தைத்துக்கொண்டிருந்தாள். ஏனென்றால்—" (ஏன் என்று அப்போது எனக்கே தெரியாது.)

மூன்றாவது: "ஒரு ஊரில் ஒரு பார்லர்க்காரி இருந்தார். ஊர்த் தலைகளுக்கெல்லாம் நிறம் கொடுத்தார். தன் தலையை மட்டும் நரைக்க விட்டார்." இது பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன்.

ஆறு குறிப்புகளையும் அவர் மூச்சுவிடாமல் சொன்னார். வெளியே போனால் துணி கட்டு. வெந்நீரில் அலசாதே. தினமும் ஷாம்பு போடாதே. நீச்சல் குளத்தில் இறங்கும் முன் நல்ல தண்ணீரில் முடியை நனை. வெயில் தடுக்கும் ஸ்பிரே அடி. முடியை நேராக்கும் சூட்டுக் கருவியை இரண்டு மாதம் பெட்டியில் வை. இதழ் அச்சாகி வந்தது. அதை நேரில் கொடுக்கப் போன அன்றுதான் கண்ணாடியின் மூலையில் செருகியிருந்த அட்டையைப் பார்த்தேன்.

3

அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பார்லரக்காவின் தொழில்முறை. யாருக்குச் சாயம் பூசுவதானாலும் முதலில் காதுக்குப் பின்னாலிருந்து ஒரு சிறு கற்றையை வெட்டி, அதில் பூசிப் பார்ப்பார். நிறம் பிடித்துப்போனால் கற்றையை நூலால் கட்டி ஒரு அட்டையில் ஒட்டிவிடுவார். கீழே கலவையின் அளவு, ஊறவைத்த நிமிடம், வாடிக்கையாளர் பெயர். முந்நூறு அட்டைகளுக்கு மேல் அலமாரியில், இருட்டில், பத்திரமாக இருந்தன. கண்ணாடியில் இருந்தது ஒன்றே ஒன்று. பெயர் எழுத வேண்டிய இடத்தில் "வாயாடி" என்று இருந்தது.

மகள். இருபத்திரண்டு வயது. நில அளவை செய்யும் நிறுவனத்தில் வேலை. முக்காலியில் கருவியைப் பொருத்திவிட்டுப் பொட்டல் வெளியில் நாளெல்லாம் நிற்க வேண்டும்.

"வெயில்ல நிக்கிற வேலைக்குச் செம்புக் கலராடி? செவப்பு வகைதான் மொதல்ல ஓடும்."

"ஓடினா புடிச்சிட்டு வா. நீதானே பார்லர் வெச்சிருக்க?"

"வாய் இருக்கே, வாய்!"

"அட்டைல ஒழுங்கா பேர் எழுதும்மா."

"வாயாடின்னுதான் எழுதுவேன். வர்றவங்க பாத்துச் சிரிக்கட்டும்."

நிறம் அச்சுவார்த்தது போல் வந்தது. பார்லரக்கா தன் வாழ்நாளில் கலந்த சாயங்களிலேயே அதுதான் உத்தமம் என்று அவரே சொன்னார். அதனால்தான் அதைக் காப்பாற்ற அப்படிப் பாடுபட்டார். தினமும் மதியம் பன்னிரண்டு மணிக்குப் போன்.

"துணி கட்டினியா?"

"கட்டிட்டேம்மா."

"காதோரம் மூடியிருக்கா?"

"கண்ணு மட்டுந்தான் வெளிய தெரியுது. நெலம் அளக்க வந்தவளா, கொள்ளையடிக்க வந்தவளான்னு எல்லாரும் பாக்குறாங்க. வெச்சிடட்டா?"

4

(இந்தப் பகுதியை எழுதாமல் தள்ளிப்போட நாலு நாள் முயன்றேன். பென்சில் சீவினேன். மேசையைத் துடைத்தேன்.)

நான் அந்தக் கதவைத் தட்டியதற்கு முந்தைய ஆண்டுக் கோடையின் உச்சத்தில் ஒரு நாள். பன்னிரண்டு மணி போனில் "கட்டிட்டேம்மா" என்ற குரல் கொஞ்சம் தேய்ந்து வந்தது. பார்லரக்காவுக்குக் காதில் விழுந்தது. ஆனால் நாற்காலியில் ஒருவர், அவர் தலையில் சாயம், நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது. "சரி, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டார்.

இரண்டு மணிக்கு மகள் முக்காலியின் பக்கத்திலேயே விழுந்தாள். கூட வேலை பார்த்தவர்கள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மருத்துவமனையில் ஐஸ் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். மருத்துவர் வெளியே வந்து, "காலையிலேருந்து எவ்வளவு தண்ணி குடிச்சாங்க?" என்று கேட்டார். தாய்க்குத் தெரியவில்லை. பையைத் திறந்து பார்த்தார். தண்ணீர் பாட்டில் மூடி திறக்காமல் இருந்தது. மறைவான இடம் இல்லாத வெளிகளில் வேலை என்றால் பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை என்று பிறகு கூட வேலை பார்த்த ஒருத்தி சொன்னாள்.

அன்று மாலையே எல்லாம் முடிந்துவிட்டது. தலைத்துணியைத் தாயே அவிழ்த்தார். சொல்லிக்கொடுத்தபடி, காதோரம் மூடி, பின்கழுத்தில் இரட்டை முடிச்சு. உள்ளே செம்பு நிறம், பூசிய அன்று இருந்தது போலவே இருந்தது.

"துணி கட்டினியா, துணி கட்டினியான்னு தெனமும் கேட்டேன். தண்ணி குடிச்சியான்னு ஒரு நாள் கேக்கலீங்க" என்றார் என்னிடம். அழவில்லை. கையில் என் இதழை வைத்திருந்தார். அவருடைய ஆறு குறிப்புகளும் அதில் வண்ணத்தில் அச்சாகியிருந்தன.

5

மகள் போன பிறகு நடந்ததுதான் அவர் செய்த பிழை. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவர், துக்கத்தில் அறிவு மங்கி, மகளின் அட்டையை அலமாரியிலிருந்து எடுத்துக் கண்ணாடி மூலையில் செருகிக்கொண்டார். வேலை செய்யும்போது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கட்டும் என்று. எதிரே மேற்கு ஜன்னல். தினமும் பார்ப்பதை யாராலும் சரியாகப் பார்க்க முடியாது. ஒரு கோடை முழுக்க வெயில் வந்து கற்றையைத் தின்றுவிட்டுப் போயிருந்ததை, ஒரு வாடிக்கையாளர் "இந்த வைக்கோல் கலர் எனக்கு வேணாம்" என்று விரல் நீட்டிச் சொன்னபோதுதான் உணர்ந்தார். அன்றைக்கே ஜன்னலுக்குத் திரை தைக்க உட்கார்ந்தார். வெள்ளம் போன பிறகு அணை.

நூல் சுற்றியிருந்த இடத்தில் மட்டும் அரை அரிசி அளவுக்குச் செம்பு மிஞ்சியிருக்கிறது. நூலைக் கொஞ்சம் நகர்த்திக் காட்டினார்.

6

இந்த இடத்தில் நான் ஒரு அயோக்கியத்தனம் செய்தேன். கதையில் மகளை உயிரோடு வைத்தேன். அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு தூர ஊருக்குப் போய்விட்டவளாக, ஒரு மழைநாளில் திரும்பி வந்து கதவைத் தட்டுபவளாக எழுதினேன். என் கதை, என் இஷ்டம் என்ற திமிர். அதைப் படித்துக்காட்ட எடுத்துக்கொண்டு போனேன்.

பார்லரக்கா துண்டுகளை மடித்தபடி கடைசி வரி வரை கேட்டார்.

"நல்லா இருக்குங்க. ஆனா அவள உயிரோட வெக்காதீங்க."

"ஏன்க்கா? கதைதானே?"

"காலைல எழுந்ததும் நானும் இதத்தாங்க செய்யறேன். பல்லு வெளக்குற வரைக்குந்தான் நிக்குது."

அந்தத் தாள்களைக் கிழித்துவிட்டேன். மேலே நீங்கள் படித்தது வேறு தாள்.

7

அன்று நாற்காலியில் யாரும் இல்லை. ஆனால் மேசையில் ஒரு கிண்ணத்தில் சாயம் குழைத்து வைத்திருந்தது.

"யாருக்குக்கா?"

கண்ணாடி மூலையிலிருந்து அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். கலவை அளவு அதில் எழுதியிருந்ததுதான். பூசினால் கற்றை பழையபடி செம்பாகலாம். வெயில் தின்ற முடி சாயத்தை வெறியோடு குடிக்கும் என்பதால் ஒரேயடியாகக் கருத்தும் போகலாம். கருத்தால், நூலுக்கடியில் இருக்கும் அந்த அரை அரிசியும் சேர்ந்து போகும். பூசாமல் விட்டால் வைக்கோல் வைக்கோலாகவே இருக்கும்; ஆனால் அவள் தலையிலிருந்து வந்த நிறம் அரை அரிசியாவது மிஞ்சும்.

"கலந்தா முப்பது நிமிஷந்தான், அப்புறம் வேலைக்காகாது" என்றார். தூரிகையைக் கையில் எடுத்தார். "நீங்க எழுதுறவரு. முடிவெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். சொல்லுங்க. பூசட்டுமா, வேணாமா?"

முடிவு அ: பூசினார். நிறம் அப்படியே— (எனக்குத் தெரியாது.)

முடிவு ஆ: கிண்ணத்தைக் கழுவி ஊற்றிவிட்டு அட்டையை இருட்டுக்குள் வைத்து— (தெரியாது.)

முடிவு இ: சாயத்தை வீணாக்காமல் தன் நரைத்த தலையிலேயே பூசிக்கொண்டு— (அழகாக இருக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை.)

உண்மையில் நடந்தது இவ்வளவுதான்: ஒரு போன் வந்ததாகச் சொல்லிவிட்டு நான் வெளியே ஓடிவந்துவிட்டேன். போன் எதுவும் வரவில்லை. இத்தனை பேரைக் காகிதத்தில் சாகடித்தும் பிழைக்கவைத்தும் பழகியவனுக்கு, ஒரு அம்மாவின் கேள்விக்கு ஆம், இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அதன் பிறகு அந்தத் தெருவுக்கு நான் போகவில்லை. வெட்கமாக இருக்கிறது.

செய்தது ஒன்றே ஒன்று. அந்தக் கட்டுரைக்கு ஏழாவது குறிப்பு ஒன்றை எழுதி அடுத்த இதழுக்கு அனுப்பினேன்: "வெளியே போகும்போது தண்ணீர் குடியுங்கள்." ஆசிரியர் வெட்டிவிட்டார். முடிக்குச் சம்பந்தம் இல்லையாம்.

அதனால் நீங்கள் போங்கள். நாலாவது தெரு, மேற்கு ஜன்னலில் புதுத் திரை, கண்ணாடிக் கதவு. இந்தப் பக்கத்தில் இன்னும் முப்பது நிமிடம் ஆகவில்லை. கிண்ணத்தில் சாயம் உயிரோடுதான் இருக்கிறது. பூசலாமா வேண்டாமா என்று நீங்கள் சொல்லுங்கள். எடுத்த எடுப்பில் அவர் கேட்கமாட்டார். முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் தருவார், எதிரிலேயே நிற்பார். மிச்சம் வைக்காமல் குடித்துவிடுங்கள்.