சேர்ந்து வாங்கிய சீட்டு

எனக்குக் கோபம் வந்தால் கத்திவிடுவேன். கோபம் வராவிட்டாலும் கத்துவேன். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவளுக்கு வேறு வழி ஏது? துவைக்கிற இயந்திரம் ஒரு பக்கம் இடிக்கும், உலர்த்துகிற இயந்திரம் ஒரு பக்கம் உறுமும். நடுவில் நின்றுகொண்டு, "அந்த மூட்டைய இங்க தள்ளு" என்று சொல்ல வேண்டுமானாலும் தொண்டையைக் கிழித்துக்கொள்ள வேண்டும். அங்கே எனக்குப் பட்டாசு என்று பெயர்.

நாங்கள் நாலு பேர் ஒரு கூட்டு. நான் மடிக்கிற மேஜை. கட்டில் விரிப்பின் மறுமுனையைப் பிடிப்பவள் ஒட்டகம், உயரம் அப்படி. மடித்ததை வார்டுகளுக்கு வண்டியில் கொண்டுபோகிறவர் டிரைவர் அண்ணன். நீராவி இஸ்திரியில் நிற்பவர் பெரியக்கா. நிற்பவர் என்று சும்மா சொல்லிவிட்டேன். இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய், யாரும் பார்க்காதபோது அழுக்குக் கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துகொள்வார். மேற்பார்வையாளர் வருகிற சத்தம் கேட்டால் போதும், சிரித்த முகத்தோடு எழுந்து நிற்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

வாரா வாரம் நாலு பேரும் காசு போட்டு ஒரு லாட்டரிச் சீட்டு வாங்குவோம். கடை என் வீட்டு வழியில் இருப்பதால் வாங்குவது நான். வாங்கியதும் ஃபோனில் பேசிப் பதிந்து எங்கள் நாலு பேர் குழுவுக்கு அனுப்பிவிடுவேன். எழுதி அனுப்ப எனக்குப் பொறுமையும் கிடையாது, கையும் எப்போதும் ஈரம்.

அப்படி வாங்கிய ஒரு சீட்டுக்குப் பரிசு விழுந்தது. முதல் பரிசு இல்லை, ஊரே பேசுகிற தொகையும் இல்லை. ஆனால் நாலாகப் பிரித்தாலும் பெரியக்கா வீட்டுக் கடனை அடைத்துவிட்டு உட்கார்ந்துவிடலாம். எனக்கு அதுதான் பெரிய பரிசாகத் தெரிந்தது. அன்றைக்கு அவர் அந்தக் காலை வைத்துக்கொண்டு என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார். "நாலு பங்கு! நாலு பங்கு!" என்று நான் கத்தியது இயந்திரச் சத்தத்தையும் மீறி வாசல் வரை கேட்டதாம்.

சீட்டின் பின்னால் கையெழுத்துப் போட்டது நான். அதனால் வரி பிடித்ததுபோக மிச்சப் பணம் என் கணக்கில்தான் வந்து விழுந்தது. அன்றே பிரித்துக் கொடுக்கக் கிளம்பினேன். என் வீட்டுக்காரர் குறுக்கே வந்தார்.

"அவசரப்படாத. யாராவது ஒரு ஆடிட்டரைப் பார்த்துட்டுக் குடு."

"எதுக்கு? நான் முழுங்கிடப் பார்க்குறேன்னு அவங்க பேசறதுக்கா?"

"வரின்னு ஒண்ணு இருக்குடி, மகராசி."

முணுமுணுத்துக்கொண்டே, ஆடிட்டர் சொன்னபடி மற்ற மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு போனேன். ஆடிட்டர் ஒரு அம்மா. சின்ன அறை, கூட்டம் வருமென்று எதிர்பார்க்காத மாதிரி மூன்றே நாற்காலி. பெரியக்காவை முதலில் உட்காரவைத்தோம். டிரைவர் அண்ணன் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"சீட்டு உங்க ஒருத்தரோடதுன்னு வெச்சுக்குங்க," என்றார் ஆடிட்டர். "அப்ப நீங்க இவங்களுக்குக் குடுக்கறது அன்பளிப்பு. கூடப்பொறந்தவங்க, பிள்ளைங்கன்னா வாங்கறவங்களுக்கு வரி கிடையாது. வெளி ஆளுங்கன்னா அவங்க அதுக்கு வரி கட்டணும். ஏற்கெனவே ஒரு தடவை பிடிச்சாச்சு, மறுபடியும் ஒரு தடவை போகும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "யாரு மேடம் வெளி ஆளு? என் சொந்தத் தம்பி மூஞ்சிய நான் எப்பவோ ஒரு தடவை பார்க்குறேன். இவ மூஞ்சிய தினமும் விரிப்புக்கு மேல பார்க்குறேன். அவனுக்கு வரி இல்ல, இவளுக்கு வரியா?"

"சட்டத்துக்கு உங்க விரிப்பு தெரியாதும்மா." சிரிக்காமல்தான் சொன்னார். "ஆனா குலுக்கலுக்கு முன்னாடியே நாலு பேரும் சேர்ந்து வாங்கினதுன்னா கதையே வேற. அப்ப அவங்கவங்க பங்கு அவங்கவங்க பரிசு. வரி ஒரே தடவைதான். அதான் எல்லாரையும் வரச்சொன்னேன்."

பிறகு ஒவ்வொருவராகக் கேட்டார். டிரைவர் அண்ணன், "எங்க சீட்டுதான் மேடம், வாரா வாரம் காசு போடறோம்," என்றார். ஒட்டகமும் அதையே சொன்னாள். ஆடிட்டர் பெரியக்காவைப் பார்த்தார்.

பெரியக்கா கையைக் கட்டிக்கொண்டு, முகமெல்லாம் நன்றியாக, "இவளுக்குப் பெரிய மனசு மேடம். எனக்கும் ஒரு பங்கு குடுக்குறா," என்றார்.

ஆடிட்டர் பேனாவை மூடினார்.

"பெரிய மனசா!" என்று பாய்ந்தேன். "என்னக்கா உளர்ற? உன் பங்கை உனக்குக் குடுக்க எனக்கு எதுக்குப் பெரிய மனசு?"

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க," என்று என்னை அடக்கிவிட்டு, "அந்த வாரம் நீங்க காசு போட்டீங்களாம்மா?" என்று பெரியக்காவிடம் கேட்டார்.

"இல்ல மேடம். முந்தின வாரமும் போடல. கால் வலி மருந்துக்குப் போயிடுச்சு." கேட்டதற்கு உள்ளதைச் சொல்லிவிட்டார், பாவி மனுஷி.

"அப்ப மத்த மூணு பேர் பங்குல பிரச்சினை இல்ல. இவங்களோடது அன்பளிப்புதான்."

இரண்டாவது வரியும் போனால் வீட்டுக் கடன் அடையாது. கடன் அடையாவிட்டால் மறுபடி அந்த நீராவி, அந்தக் கவிழ்த்த கூடை, அந்தச் சிரிப்பு.

"சீட்டு வாங்கினப்ப, இது யார் யாருக்குன்னு எங்கயாவது சொல்லியிருக்கீங்களா?"

"குழுவுல பேசி அனுப்புவாளே!" என்று துள்ளினாள் ஒட்டகம்.

சீட்டு வாங்கிய அன்றைக்குப் பெரியக்காவைக் கிழி கிழி என்று கிழித்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பங்கு கிடையாது என்று வேறு சொல்லியிருந்தேன். "வேணாம்டி, அது எதுக்கு இப்ப," என்று கையை நீட்டினேன். ஒட்டகத்தின் கை எனக்கு எட்டுமா? ஃபோனை உயரத் தூக்கி அழுத்திவிட்டாள். அந்தச் சின்ன அறையில் என் குரல் வெடித்தது.

"சீட்டு வாங்கியாச்சு! கடைசி நாலு எண்ணு ஏழு ஏழு ரெண்டு ஒம்போது. அண்ணன் குடுத்தாச்சு, ஒட்டகம் குடுத்தாச்சு. பெரியக்கா! போன வாரமும் டிமிக்கி, இந்த வாரமும் டிமிக்கி. நான் என்ன தர்ம சத்திரமா நடத்துறேன்? காசு குடுக்காதவங்களுக்குப் பங்கு கிடையாது, சொல்லிட்டேன்!"

போச்சு, எல்லாம் போச்சு என்று தலையில் கை வைத்தேன். ஃபோனில் ஏதோ வண்டி ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகும் என் குரல் வந்தது, எனக்கே மறந்துபோயிருந்த பேச்சு, சுருதி கொஞ்சம் இறங்கி.

"சரி சரி, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத. உன் பங்கையும் நானே போட்டிருக்கேன், போன வாரமும் சேர்த்து. கடன்தான், தெரிஞ்சுதா? சம்பளம் வந்ததும் எடுத்து வெக்கணும். விழுந்தாலும் நாலு பேருக்கு, விழாட்டியும் நாலு பேருக்கு. கூடையில உக்காந்துக்கிட்டு காது கேக்காத மாதிரி நடிக்காத!"

ஆடிட்டர் மறுபடி போடச் சொல்லிக் கேட்டார். அனுப்பிய தேதியைப் பார்த்தார். குலுக்கலுக்கு முந்தின நாள்.

"கடன் குடுத்திருக்கீங்க. பங்கு அவங்களோடது," என்று பேனாவைத் திறந்தார். "நாலு பேருக்கும் தனித்தனியா கணக்குக் காட்டிடலாம். இதை மட்டும் அழிச்சிடாதீங்க."

"வயித்துல பாலை வார்த்தீங்க மேடம்!"

"நான் எங்க வார்த்தேன்? உங்க வாய்தான் வார்த்துச்சு." அப்போதுதான் அந்த அம்மா சிரித்தார்.

வெளியே வந்ததும் பெரியக்கா கைப்பிடியைப் பிடித்து மெதுவாகப் படியில் உட்கார்ந்தார். நான் விடவில்லை.

"அன்னிக்கு நான் பேசினதை நீ முழுசாக் கேக்கவே இல்லியா?"

"பங்கு கிடையாதுன்னதும் நிறுத்திட்டேன். உன் கத்தலை முழுசாக் கேட்டா என் காது என்னத்துக்கு ஆகும்?"

"அப்ப பரிசு விழுந்த அன்னிக்கு, உனக்கு ஒண்ணும் இல்லன்னா நெனச்சுக்கிட்டு இருந்த?"

"ஆமா. அப்புறம் நீ நாலு பங்குன்னு கத்தினதும், சரி, மனசு வந்து குடுக்குறான்னு நெனச்சேன்."

"நான் கத்தினது அப்புறம்தானேக்கா. அதுக்கு முன்னாடியே என்னைத் தூக்கிச் சுத்தினியே! அந்தக் காலை வெச்சுக்கிட்டு! எதுக்கு?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "உனக்கு விழுந்துச்சுல்லடி."

எனக்கு அழுகைதான் வந்தது. "பட்டாசு நமுத்துப் போச்சுடோய்," என்றாள் ஒட்டகம். டிரைவர் அண்ணன் வண்டிச் சாவியைத் தேடுகிற மாதிரி திரும்பிக்கொண்டார்.

பெரியக்கா சுருக்குப் பையைத் திறந்து சில்லறையை எடுத்து நீட்டினார். "இந்தா, ரெண்டு வாரச் சீட்டுக் காசு."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். வாங்காவிட்டால் அது அன்பளிப்பு ஆகிவிடுமே என்று தோன்றியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். ஒரு காசு குறைந்தது. தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். பெரியக்கா சிரித்தார், உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை.