மேற்கு வேலிக் கொடி

மணல்மேட்டுக் கொடிக்கு ஒரு குணம் உண்டு. புதைக்கப் புதைக்க மேலே ஏறும். காற்று கொண்டுவரும் மணலைக் காலடியில் பிடித்து நிறுத்திவிட்டு, அதன் தலைமேலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதனால் வீட்டிலிருந்து நூறடி தள்ளித்தான் நட வேண்டும். மணல் தடுப்பு நாற்றுப்பண்ணையில் பதினெட்டு வருடமாக வேலை பார்ப்பவள் நான், எனக்குத் தெரியாதா?

அண்ணனுக்குத் தெரியாது. அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது கைநாட்டு வாங்கி வீட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள மட்டும் தெரிந்தது. மறுநாளே அம்மாவின் கட்டிலை மேற்கு அறையிலிருந்து தூக்கி, கிழக்குக் கோடியில் இருந்த சாமான் அறையில் போட்டான். பழைய டயர், பெயிண்ட் டப்பா, நடுவே அம்மா.

"காத்தே வரலடா," என்றாள்.

"சாகப்போற காலத்துல உனக்கு காத்து எதுக்கும்மா?"

வாசலில் நின்றிருந்த என் காதில் விழுந்தது. என் வீட்டுக்குத் தூக்கிப்போக வண்டி பார்ப்பதற்குள், ஒன்பதாம் நாள் அம்மா போய்விட்டாள். அந்தச் சொல்லை நான் மறக்கவில்லை. மறக்கிற ஆளும் இல்லை.

மூன்று மாதம் கழித்து அண்ணனே போன் செய்தான். மேற்கு ஜன்னலில் மணல் அடிக்கிறதாம்.

"உங்க பண்ணையில ஏதோ கொடி இருக்காமே, வேலி போட்டு ஏத்திவிடு. சுவரை ஒட்டியே இருக்கட்டும், பார்க்க பச்சையா இருக்கும்."

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பழம் நழுவிப் பாலில் விழுகிறது, நான் ஏன் சொல்ல வேண்டும்? "சரிண்ணே" என்றேன். அறுபது நாற்று, கம்பி வலை. நானே நட்டேன். முதல் கோடை முழுக்க நானே போய்த் தண்ணீர் ஊற்றினேன். "நாத்தனார்னா இப்படி இருக்கணும்" என்று அண்ணி பக்கத்து வீட்டில் பெருமை வேறு பேசினாள்.

மூன்றாவது வருடம் மணல் ஜன்னலை மூடியது. லாரி வைத்து அள்ளினான். அடுத்த காற்றில் திரும்பி வந்தது. நான்காவது வருடம் கூரையைத் தொட்டது, மேற்குச் சுவர் விரிசல் விட்டது. உச்சியில் கொடி ஒய்யாரமாகப் பூத்திருந்தது.

"பிடுங்கி எறி அதை!" என்று கத்தினான்.

"பிடுங்கினா மொத்த மணலும் உள்ள வந்துரும்ணே. இப்போ கொடிதான் பிடிச்சு வச்சிருக்கு."

இப்போது அவனும் அண்ணியும் சாமான் அறையில் இருக்கிறார்கள். மணல் எட்டாத ஒரே அறை அதுதான். நேற்றுப் போனேன். அம்மாவின் கட்டிலில் படுத்து அட்டையால் விசிறிக்கொண்டிருந்தான்.

"இங்க காத்தே வரல," என்றான்.

நான்கு வருடமாக வாய்க்குள் வைத்திருந்ததை நிதானமாகச் சொன்னேன்.

"உனக்கு காத்து எதுக்குண்ணே?"

சொல்லும்போது இனித்தது. அட்டை நின்றது. அவனுக்கும் ஞாபகம் இருந்திருக்கிறது.