பட்டை கட்டிய ரோபோ கை

பெட்டி அடுக்கும் குண்டண்ணனுக்கு டீயை ஆற அமரக் குடித்தால்தான் உள்ளே இறங்கும். கம்பெனிக்கு அது பொறுக்குமா? எல்லார் மணிக்கட்டிலும் ஒரு பட்டையை மாட்டிவிட்டார்கள். கை சற்று ஓய்ந்தாலும் மேனேஜர் அறைத் திரையில் சிவப்பு எரியும். சூப்பர்வைசர் வந்து பக்கத்தில் நிற்பார்.

அண்ணன் மூளையைக் கசக்கினார். பக்கத்தில் அலுக்காமல் பெட்டி தூக்கும் ரோபோ கை, மூச்சு வாங்குவதுபோல் அவ்வப்போது நிற்கும். அந்த நேரம் பார்த்துப் பட்டையை அதில் கட்டிவிட்டு, தூண் மறைவில் ராஜா மாதிரி டீ குடித்தார். தினமும் பதினோரு மணிக்கு இதே கூத்துதான்.

மாதக் கடைசியில் மேனேஜர் எல்லாரையும் கூட்டினார். "பதினோரு மணிக்கு மேல அண்ணன் கை பறக்குதுய்யா, திரையில பாத்தேன். இனிமே நாள் முழுக்க எல்லாருக்கும் அந்த வேகம்தான். அண்ணே, முன்னால நின்னு காட்டுங்க."

உண்மையைச் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் தோள்பட்டை போகும். அண்ணன் தோள்பட்டையைக் கொடுத்தார்.

சாயங்காலம் மனைவி தைலம் தேய்த்தபடி கேட்டாள். "போயும் போயும் மெஷினோடயா போட்டி? வாயத் திறந்து சொல்லித் தொலைய வேண்டியதுதானே?"

"சொன்னா வீட்ல உக்காரணும்டி."

"இப்ப மட்டும் உக்கார முடியுதாக்கும்."

மறுநாள் பக்கத்து ஆள் கிசுகிசுத்தார். "மெதுவாண்ணே, நாங்களும் புள்ளகுட்டிக்காரங்க."

அண்ணன் கை லேசாகத் தளர்ந்தது. சூப்பர்வைசர் வந்துவிட்டார். "என்னண்ணே, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன் சார்" என்று அண்ணன் அடுத்த பெட்டியைத் தூக்கினார்.