அக்காவின் மடிக்கணினியில் மட்டும் பச்சை

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. அக்கா தொலைபேசியில் சொன்னதிலிருந்து சுட்டது. சிறிய நிறுவனம் ஒன்றில் நிரல் எழுதுகிறாள். எந்த நோயாளிக்கு அடுத்த மருந்து எப்போது என்று செவிலியருக்குக் காட்டும் மென்பொருள். மூன்று பேர் எழுதுவதைச் சேர்ப்பது, சோதிப்பது, வெளியிடுவது எல்லாம் அவளுடைய மடிக்கணினியில்தான். திங்கட்கிழமை அவளுக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "தொலைதூரத்தில் ஒரு கணினி மெல்லக் கண்விழித்து, தன்..." வேண்டாம். அக்கா படித்தால் சிரிப்பாள்.

2

தான் இல்லாத நாட்களில் வேலை நிற்காமலிருக்க, வியாழன் காலை மேகக்கணினி ஒன்றை வாடகைக்கு எடுத்தாள். (யாரோ எங்கோ வைத்திருக்கும் கணினி; இங்கிருந்தே இயக்கலாம். அவ்வளவுதான்.) யார் ஒரு வரி மாற்றினாலும் அது தானாகவே எடுத்துச் சேர்த்து, இருநூற்றுப் பதினான்கு சோதனைகளையும் ஓட்டி, சரியென்றால் பச்சை, தவறென்றால் சிவப்பு காட்ட வேண்டும். மதியத்துக்குள் அமைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தாள். ஒன்று மட்டும் சிவப்பு. அவள் மடிக்கணினியிலோ எல்லாம் பச்சை. மறுபடி ஓட்டினாள். அதே சிவப்பு.

3

இங்கே எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டான். பக்கத்து மேசைக்காரரை, அலுவலகத்தில் 'அவசரம்' என்று அழைக்கப்படுபவரை, கத்த வைத்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். உண்மையில் அவர் தேநீரோடு வந்து, தணிந்த குரலில்தான் சொன்னாராம்:

"உங்க மெஷின்ல ஓடுதில்ல? அந்த ஒரு சோதனைய மட்டும் எடுத்துடுங்க. நாளைக்கு வெளியிட்டாகணும்."

அக்கா மறுத்திருப்பாள் என்று எழுதினேன். அதையும் அடிக்க வேண்டியதாயிற்று. "எடுக்கத்தான் போனேன்டா. வயித்துவலி வேற," என்றாள்.

அழிக்கும் முன் சோதனையின் பெயரைப் படித்திருக்கிறாள்: 'கொடுத்த மருந்தை மீண்டும் காட்டாதே'. கை நின்றுவிட்டது.

4

மேகக்கணினியின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடியது; இங்குள்ள நேரத்துக்குச் சில மணி பின்னால். மருந்து கொடுத்த நேரம் பதிவாவதோ இங்குள்ள நேரத்தில். சற்றுமுன் கொடுத்த மருந்து அதன் கணக்கில் இனிமேல் நடக்கப்போவது. ஆகவே 'கொடுக்கவும்' என்று மறுபடி காட்டியது. கோளாறு அவர்கள் எழுதிய நிரலில், ஆண்டுக்கணக்காக இருந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை இதை வாங்கவிருந்த மருத்துவமனையும் அன்றுதான் அதே போன்ற மேகக்கணினிக்கு மாறுகிறது.

நான்கு வரித் திருத்தம். அதை 'அவசரம்' தன் இருக்கையிலிருந்தே அனுப்பினார். அக்கா கை வைக்கவில்லை; மேகக்கணினியே எடுத்துச் சோதித்தது. ஆறு நிமிடத்தில் இருநூற்றுப் பதினான்கும் பச்சை.

"நான் எடுக்கச் சொன்னேனே," என்றார் அவர்.

"நானும் எடுக்கத்தான் போனேன்," என்றாள் அக்கா.

5

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அக்கா தூங்குகிறாள், அத்தான் அவள் மடிக்கணினியை வீட்டிலேயே பூட்டிவிட்டு வந்திருக்கிறார்.

கதை இங்கே முடியலாம். ஆனால் அந்த மருத்துவமனையில் வெள்ளிக்கிழமை யாரோ ஒருவர் படுத்திருந்தார். முதியவரா, குழந்தையா, என்ன நோய், எதுவும் எனக்குத் தெரியாது. தப்பித்தது அவருக்கும் தெரியாது. மூன்று முறை எழுதிப் பார்த்தேன், வரவில்லை. அவரை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். முகம், கட்டில், பார்க்க வரும் ஆட்கள், எல்லாம் உங்கள் விருப்பம். மருந்து மட்டும் ஒரு தடவைதான்.