இளமஞ்சள் நூல்

லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனத்தில் எனக்கு வேலை. பாதி மாடியில் நின்றுபோன லிஃப்டுக்குள்ளிருந்து அழைப்பவர்களிடம், மெக்கானிக் போய்ச் சேரும்வரை பேசிக்கொண்டிருக்க வேண்டும். உண்மையில் பேசுவது குறைவு. அவர்கள் கத்துவார்கள், அழுவார்கள், தங்களுக்கு யாரையெல்லாம் தெரியும் என்று மிரட்டுவார்கள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். எதிர்முனையில் ஒரு ஆள் நிதானமாக மூச்சு விடுவது தெரிந்தாலே பலர் அடங்கிவிடுவார்கள். எங்கள் பிரிவின் தலைவர் ஓய்வுபெறவிருந்தார். அடுத்தது நான்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். எதற்கு எனக்கு என்று நான் பிகு செய்துகொள்ளவில்லை. அந்த நாற்காலி எனக்கு வேண்டும்.

சாப்பாட்டு அறையில் ஜன்னலோர மேசை பின்னல் கோஷ்டிக்குச் சொந்தம். அதன் தலைவி, கொள்முதல் பிரிவின் கம்பளி அக்கா. அலுவலகத்தில் யாருக்குக் குழந்தை என்றாலும் அந்த மேசை குல்லாயும் காலுறையும் முயல் பொம்மையுமாகப் பெற்றுத் தள்ளும். முயலுக்கு உடம்பு ஒருத்தி, தலை ஒருத்தி, ஒவ்வொரு காதுக்கும் ஒருத்தி என்று பங்கு. வரவேற்பில் இருக்கும் பெண் கண்ணிகளை இறுக்கிப் போடுவாள். சம்பளப் பிரிவுக்காரி தளர்த்திப் போடுவாள். அதனால் எங்கள் முயல்களுக்கெல்லாம் ஒரு காது விறைத்து நிற்கும். மறு காது கெட்ட செய்தி கேட்டதுபோல் தொங்கும். அதைப் பார்த்து எந்தக் குழந்தையும் சிரித்ததாகத் தகவல் இல்லை.

"கையால செஞ்சதுக்கு ஈடு உண்டா?" என்பார் அக்கா. வாஸ்தவம்தான். கடையில் இப்படிக் கிடைக்காது.

நான் எதிர்மூலையில் புத்தகத்தோடு உட்காருவேன். ஒருநாள் பக்க அடையாளத்துக்கு வைத்திருந்த காகிதம் எங்கோ விழுந்துவிட்டது. எழுந்துபோய், "அக்கா, அந்த மஞ்சள்ல ஒரு முழம் நூல் கிடைக்குமா?" என்று கேட்டேன்.

ஊசிகள் நின்றன. அந்த மேசைக்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. அது அப்போது எனக்குத் தெரியாது. பிறந்த பிள்ளைக்கு எந்த நிறமும் ஆகும். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு மட்டும் இளமஞ்சள். விஷயத்தை வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுபவள் வந்து மஞ்சள் நூல் கேட்பாள். கேட்டவளிடம் யாரும் எதுவும் விசாரிக்கக் கூடாது. பின்னத் தொடங்கிவிட வேண்டும். எனக்குக் கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. மேசை பொறுமையிழந்து காத்திருந்திருக்கிறது.

"முழம் எதுக்குடி, முழு நூல்கண்டாவே எடுத்துக்கோ," என்றார் அக்கா. அவர் கண் கலங்கியிருந்தது. தூசி போலும் என்று நினைத்தேன்.

அதன்பின் கோப்புக் கட்டைத் தூக்கினால் யாராவது பிடுங்கிக்கொண்டார்கள். உட்காரப்போனால் நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். படித்ததை நினைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருப்பது என் பழக்கம். அதற்கும் உரை எழுதினார்கள்.

"பாவம், பேசக்கூடத் தெம்பில்ல."

"முதல் பிள்ளை அப்படித்தான் படுத்தும்."

"காபிய அப்படியே வச்சிட்டா பாரு. வாசனை ஒத்துக்கல."

காபி கழுநீர் மாதிரி இருந்தது, வைத்துவிட்டேன். இதெல்லாம் என் காதில் விழாமல் இல்லை. வேறு யாரையோ பற்றிப் பேசுகிறார்கள் என்றிருந்தேன். படித்துக்கொண்டே இருப்பவளுக்கு உலகத்தில் நடப்பதெல்லாம் வேறு யாருக்கோ நடப்பதுதான்.

ஒரு காலையில் அறிவிப்புப் பலகையில் உத்தரவு ஒட்டியிருந்தது. பிரிவின் புதிய தலைவர், என் பக்கத்து இருக்கைக்காரர். நாங்கள் வைத்த பெயர் தூங்குமூஞ்சி. லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு பெரியவர், "தம்பி, முழிச்சிருக்கியாப்பா?" என்று போனிலேயே இவரை எழுப்பிய கதை அலுவலகம் முழுக்கப் பிரசித்தம். அவருக்குக் கீழே என் பெயர். உடல்நிலையை முன்னிட்டு எனக்கு இலகுவான பணியும் போதிய ஓய்வும் தரப்படுமாம்.

என்ன உடல்நிலை என்று யோசித்தபடி சாப்பாட்டு அறைக்குப் போனால், எல்லோரும் கைதட்டினார்கள். மேலாளர்கூட வந்திருந்தார்.

"ஒருத்தருக்கு வீட்டுல புதுசா பாப்பா வந்திருக்கு, பொறுப்பு கூடியிருக்கு. பதவி கொடுத்தோம். இன்னொருத்தருக்கு வரப்போகுது. பாரத்தைக் குறைச்சோம்," என்றார்.

கம்பளி அக்கா ஒரு பெட்டியை என் கையில் வைத்தார். உள்ளே இளமஞ்சளில் முயல், ஒரு காதை நீட்டிக்கொண்டு.

"எனக்குக் குழந்தை எதுவும் வரப்போறதில்லையே," என்றேன்.

நான் எத்தனையோ மௌனங்களைக் கேட்டவள். இது உயர்ந்த ரகம்.

"அப்போ மஞ்சள் எதுக்குடி கேட்ட?"

"புத்தகத்துல வைக்க."

"புத்தகத்துலயா!" குழந்தை இல்லை என்பதைவிட அதுதான் அக்காவைப் புண்படுத்தியது.

"கழுத்து வலியோட ஒரு காது முழுக்கப் பின்னினேன்," என்றாள் சம்பளப் பிரிவுக்காரி. "வாயத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க வாயத் திறந்து கேட்டிருக்கலாம்ல?"

அவர்களை அங்கேயே விட்டுவிட்டு மேலாளரை அவர் அறைவரை பின்தொடர்ந்தேன்.

"சார், நீங்க நினைச்ச காரணமே இல்ல. உத்தரவை மாத்துங்க."

"கையெழுத்தாயிடுச்சும்மா. உத்தரவு போட்டா போட்டதுதான். இன்னைக்கு இல்லைன்னாலும் ஒருநாள் ஆகத்தானே போகுது?"

"அவருக்கு ஏற்கெனவே ஆயிடுச்சே சார்."

"அவர் ஆம்பளை. அவருக்கு அது பொறுப்பு."

"எனக்கு?"

சற்று யோசித்தார். "உங்களுக்கு அது நிலைமை," என்றார். சொல் கிடைத்துவிட்ட திருப்தி முகத்தில் தெரிந்தது.

திரும்பி வந்தபோது புதிய தலைவர் வேலைமுறை அட்டவணையை என் மேசையில் விரித்துவைத்துக் காத்திருந்தார்.

"மேடம், இரவு முறைக்கு வழக்கம்போல உங்க பேரையே போட்டுடறேன். வீட்டுல பாப்பா ஒரே அழுகை. நான் ராத்திரி இங்க இருந்தா என் பொண்டாட்டி என்னை உயிரோட விடமாட்டா."

"எனக்கு இரவு முறை ஆகாது. ஓய்வு வேணும்னு உத்தரவுல இருக்கே."

"அதான் அப்படி ஒண்ணும் இல்லைன்னுட்டீங்களே?"

"நானும் மேலாளர்கிட்ட அதைத்தான் சொன்னேன். உத்தரவை மாத்த முடியாதுன்னுட்டார்."

அவர் அட்டவணையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அட்டவணையைப் பார்த்தார். எனக்குத் தெரிந்து அலுவலக நேரத்தில் அவர் முழுசாக விழித்துக்கொண்டது அன்றுதான்.